கருணையை யார் கேட்டது?

குற்றாலத்தில் சீசன் என்றால் தென்காசி பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்தில் நம்ம காலனி அம்மாக்களும் நிற்பார்கள். அருவிக்கு இல்லை, பாளையங்கோட்டை ஜெயிலில் மகனை மனுப் பார்க்க.

2018 மார்ச் 9இல் உச்சநீதிமன்றம், கண்ணியமாகச் சாவதும் உரிமைதான் என்றது. மீளமுடியாத நோயாளிக்கு உயிர்க்கருவியை நிறுத்தலாம். சரி, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குச் சொன்ன கண்ணியம் சிறைக் கொட்டடிக்கு உண்டா?

2017 ஜூனில் புழல் சிறையிலிருந்து ராபர்ட் பயஸ் முதலமைச்சருக்கு எழுதினார்: என்னைக் கருணைக்கொலை செய்யுங்கள், உடலைக் குடும்பத்திடம் கொடுங்கள். 1991இல் பிடிபட்டவர். அவர் சொன்ன காரணம் நோயல்ல, முடிவில்லாத சிறை.

'கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே, அது அவன் சுதந்திரம்' என்கிறார்கள் சில முற்போக்காளர்கள். பெல்ஜியத்தில் அப்படித்தான் ஒரு கைதிக்குச் சாக அனுமதி கொடுத்தார்கள். அவர் முதலில் கேட்டது மனநல சிகிச்சை. அது கிடைக்காமல்தான் சாவைக் கேட்டார். 2015 ஜனவரியில் சாவை நிறுத்தி சிகிச்சைக்கு அனுப்பினார்கள். பயஸையும் 2022 நவம்பர் 11இல் உச்சநீதிமன்றம் விடுவித்தது. கேட்டதைக் 'கருணையோடு' கொடுத்திருந்தால்? பூட்டியவன் கையில் சாவியும் இருக்கும்போது, உள்ளே இருப்பவன் சாவைக் கேட்பது சுதந்திரமா?

நம்ம திருச்சி மண்ணில் பிறந்த ஸ்டேன் சாமி, பீமா கோரேகான் வழக்கில் உள்ளே போனார். நடுக்குவாதத்தில் டம்ளர் பிடிக்க முடியாமல் உறிஞ்சுகுழல் கேட்டு கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 'ஆஸ்பத்திரி வேண்டாம், இங்கேயே சாகிறேன், இல்லையென்றால் என் ஜனங்களோடு இருக்க விடுங்கள்' என்றார். 2021 ஜூலை 5இல், 84 வயதில், ஜாமீன் இல்லாமலே செத்தார். அவர் கேட்டது சாவையா, ஜனங்களையா?

பாளையங்கோட்டைக்கு வருவோம். தேவர், நாடார், பள்ளர் என்று பிரித்து அடைத்த ஜெயில் அது. சண்டை வராமலிருக்கத்தான் என்றார்கள். 2021 ஏப்ரலில் அதற்குள்ளேயே ஒரு தலித் இளைஞனை சக கைதிகள் அடித்துக் கொன்றார்கள். எங்கே போச்சு உங்க பாதுகாப்பு? சிறையில் சாதி பார்ப்பது சட்டவிரோதம் என்று 2024 அக்டோபர் 3இல்தான் உச்சநீதிமன்றம் சொன்னது. ஊரில் தனித்தெரு, சுடுகாட்டில் தனியிடம், ஜெயிலில் தனி பிளாக்!

தோழர்களே, நமக்குச் சாவைக் கொடுப்பதில் இந்த அரசு ஒருநாளும் கஞ்சத்தனம் காட்டியதில்லை. வாழ்வைத்தான் எண்ணி எண்ணிக் கொடுக்கிறது. கைதி எழுதும் கருணைக்கொலை மனு அவன் விருப்பமல்ல. அரசின் மீது அவன் போடும் குற்றப்பத்திரிகை. அதற்குப் பதில் ஊசியல்ல: ஜாமீன், வைத்தியம், சாதியில்லாத கொட்டடி.

இவற்றைக் கொடுத்துவிட்டு வாருங்கள். சாவைப் பற்றி அப்புறம் பேசுவோம்.