மனமொத்துத்தான் போனார்களா?

2022-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள், திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. அன்றிரவு எட்டரை மணிக்குக் கத்தார் நாட்டின் லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதவிருந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பங்கு மன்றத்தில் பெரிய திரையிட்டுப் பார்க்க எங்கள் இளையோர் இசைவு கேட்டனர். தந்தேன். ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன்: அந்த மைதானங்களையும் அவற்றுக்குச் செல்லும் சாலைகளையும் அமைக்கப் போய் உயிரிழந்தவர்களுக்காக, ஆட்டம் தொடங்குமுன் அனைவரும் ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனமாக மன்றாட வேண்டும்.

இளையோர் மறுக்கவில்லை. மறுத்தவர்கள் பெரியவர்கள். "கொண்டாட்ட நேரத்துல எழவுச் சேதி எதுக்குங்க ஃபாதர்?" என்றார் பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர். "இதெல்லாம் வெள்ளைக்காரன் கிளப்பி விட்டதுங்க" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், படித்தவர், நிதானமானவர், சொன்னதுதான் இன்றளவும் என் செவியில் உறுத்துகிறது: "அவங்களை யாரும் கட்டி இழுத்துட்டுப் போகலீங்களே. மனசொத்துத்தானுங்க போனாங்க."

அன்று நான் நீண்ட மறுமொழி கூறவில்லை. 2024 டிசம்பர் 11-ஆம் நாள், 2034-ஆம் ஆண்டின் உலகக் கோப்பையை நடத்தும் பொறுப்பைப் போட்டியாளர் எவருமின்றிச் சவூதி அரேபியாவுக்கு ஃபிஃபா வழங்கியபோது அதே சொற்கள் மீண்டும் என் அறைக்கு வந்தன. ஆகவே எழுதுகிறேன்.

கால்பந்தாட்டத்தின்மீது எனக்குக் காழ்ப்பில்லை. மாலைதோறும் அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு குருமட மைதானத்தில் ஓடியவன் நான். 1986-இல் மாரடோனாவின் ஆட்டத்தைக் காண அதிபரிடம் கெஞ்சி இசைவு பெற்ற மாணவர்களில் ஒருவன். 2019 மார்ச் 9 அன்று நம் கோவை நேரு மைதானத்தில் மினர்வா பஞ்சாப் அணியைச் சென்னை சிட்டி அணி 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியபோது, காந்திபுரத்திலிருந்து நடந்தே போய்ப் படிக்கட்டில் அமர்ந்து கத்தியிருக்கிறேன். மறுநாள் திருப்பலியில் குரல் எழவில்லை.

கத்தாருக்கு வருவோம். 2010 டிசம்பரில் போட்டியை நடத்தும் உரிமையை அந்நாடு பெற்றது. எட்டு மைதானங்களில் ஏழு புதிதாக எழுந்தன. கலீஃபா மைதானம் மட்டும் புதுப்பிக்கப்பட்டது. ஏறத்தாழ 89,000 பேர் அமரக்கூடிய லுசைல் மைதானம் அரபு நாட்டு ஃபனார் விளக்கின் ஒளி விளையாட்டை நினைவூட்டும் பொன்னிற வடிவம் கொண்டது. அழகுதான். ஆனால் அக்கோடையின் கதையைக் கேளுங்கள். வழக்கமாக ஜூன், ஜூலை மாதங்களில் நடைபெறும் போட்டியை நவம்பர், டிசம்பருக்கு மாற்றுவதென்று ஃபிஃபா 2015-இல் முடிவு செய்தது. கத்தார் வெயிலில் வீரர்கள் தொண்ணூறு நிமிடம் ஓட முடியாது. குளிரூட்டிய மைதானத்திலும் பார்வையாளர்கள் வந்து போவது கடினம். மிகச் சரியான முடிவு. ஆனால் அதே வெயிலில், குளிரூட்டி இன்னும் பொருத்தப்படாத அதே மைதானத்தில், கம்பி கட்டியவனுக்கும் கான்கிரீட் சுமந்தவனுக்கும் கோடை எந்த மாதத்துக்கும் மாற்றப்படவில்லை. கோடையில் முற்பகல் 11.30 முதல் பிற்பகல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை கூடாது என்ற விதி இருந்தது. அது போதாதென்று அரசே உணர்ந்து, காலை 10 முதல் 3.30 வரை என நீட்டித்தது 2021-இல். அதற்குள் மைதானங்களின் பெரும்பகுதி எழுந்துவிட்டது.

எத்தனை பேர் மாண்டனர்? இங்கேதான் நம்மவர்கள் ஏளனமாகச் சிரிக்கிறார்கள். இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்காளதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 6,500-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் 2010-க்குப் பின் கத்தாரில் இறந்தனர் என்று தி கார்டியன் நாளேடு 2021 பிப்ரவரியில் எழுதியது. அவர்களில் 2,711 பேர் இந்தியர். இவர்கள் அனைவரும் மைதானத்தில் இறந்தவர்கள் அல்லர்; எல்லா வேலைகளிலும் இருந்தவர்கள், எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்கள். இதை மறைத்து எண்ணை மட்டும் முழங்குவோர் தவறு செய்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். மறுபுறம், மைதானப் பணியிடங்களில் வேலையின் காரணமாக இறந்தவர்கள் மூவரே என்றது போட்டி அமைப்புக் குழு. அதன் தலைமைச் செயலர் ஹசன் அல் தவாதியோ, போட்டி நடந்துகொண்டிருந்தபோதே ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் 400-க்கும் 500-க்கும் இடையில் என்றார். பின்னர், அது நாடு முழுவதும் எல்லாத் தொழில்களிலும் நேர்ந்த இறப்புகளின் கணக்கு என்று விளக்கம் தரப்பட்டது.

மூன்றா, ஐந்நூறா, ஆறாயிரத்து ஐந்நூறா? இந்தக் கணக்கு எங்கே தடுமாறுகிறது என்பதை எனக்கு விளக்கியவர் எந்த நாளேடும் அல்லர். எங்கள் பங்கைச் சேர்ந்த சென்ட்ரிங் தொழிலாளி ஒருவர். தோகாவில் நான்கு ஆண்டுகள் இருந்தவர். இறுதி ஆட்டத்தன்று மன்றத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். "நீங்களும் மைதானம் கட்டினீர்களா?" என்றேன். "இல்லீங்க ஃபாதர். மைதானத்துக்குப் போற ரோட்டுக்குப் பாலம் கட்டுனோம். எங்க ரூம்ல ஒருத்தன் தூக்கத்துலயே போயிட்டான். முப்பத்தோரு வயசு. ஹார்ட் அட்டாக்னு எழுதிக் குடுத்தாங்க." அந்த முப்பத்தோரு வயதுக்காரன் அமைப்புக் குழுவின் மூன்றில் இல்லை, இருக்கவும் இயலாது. அவன் மைதானத்துக்குள் காலெடுத்து வைத்தவனே அல்லன். அந்தச் சாலையின்றி மைதானத்துக்குள் எவரும் கால்வைத்திருக்கவும் முடியாது.

'இயற்கை மரணம்', 'இதயம் நின்றது' என்ற சொற்களுக்கு ஒரு விலை உண்டு. வேலையால் நேர்ந்த இறப்புக்கே முதலாளி இழப்பீடு தர வேண்டும். குடியேற்ற அனுமதி பெற்று வெளிநாடு செல்வோருக்கென நம் அரசு வைத்துள்ள பிரவாசி பாரதிய பீமா காப்பீடும், 10 லட்சம் ரூபாயை விபத்தால் நேரும் இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்குமே அளிக்கிறது. பிரேதப் பரிசோதனையின்றி 'இயற்கை' என்று ஒரு மருத்துவர் எழுதிவிட்டால் இரு கதவுகளும் ஒருசேரச் சாத்தப்படுகின்றன. நாற்பத்தைந்து பாகை வெயிலில் பத்து மணி நேரம் உழைத்த இளைஞனின் இதயம் நின்றுபோவது எந்த இயற்கையைச் சேர்ந்தது என்று கேட்க அவன் மனைவிக்கு வழியில்லை.

இனி அந்தப் படித்தவரின் வாதம். மனமொத்துப் போனார்களாம்! நம் சென்ட்ரிங் தொழிலாளி எப்படிப் போனார் தெரியுமா? சட்டப்படி ஆள் அனுப்பும் முகவர் பெறத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான். அவரிடம் வாங்கப்பட்டது ஒரு லட்சத்துக்கும் மேல். மனைவியின் நகை அடகுக்குப் போயிற்று, மீதி வட்டிக்கு. ஊரில் சொல்லப்பட்ட சம்பளம் ஒன்று. தோகாவில் கையெழுத்திட்ட தாளில் இருந்தது வேறு. திரும்பி வரலாமே என்பீர்கள். கடன் இருக்கிறதே! கடவுச்சீட்டு நிறுவனத்தின் பெட்டியில் இருக்கிறதே! 2020-இல் சட்டம் மாறும்வரை, முதலாளியின் ஒப்புதல் தாளின்றி வேறு வேலைக்கும் மாற முடியாது. அவர் மனமொத்துத்தான் விமானம் ஏறினார். கழுத்தில் சுருக்கு விழுந்த பிறகு கேட்கப்படும் சம்மதத்துக்கு என்ன பெயர்?

இதைக் கேட்க நான் மார்க்சியவாதியாக வேண்டியதில்லை. 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் இதே வாதத்தை எடுத்து முறித்துப்போட்டார். இருவரும் இசைந்தனர் என்பதாலேயே கூலி நீதியானதாகிவிடாது. ஒப்பந்தத்தைவிடத் தொன்மையான இயற்கை நீதி ஒன்று உண்டு. இல்லாமையாலோ இதைவிடப் பெருந்தீங்கு வரும் என்ற அச்சத்தாலோ கடுமையான நிபந்தனைக்கு இசைபவன் வன்முறைக்கு ஆளானவனே என்பது அவர் போதனை. ஒன்றே கால் நூற்றாண்டுக்கும் மேலாக நம் கையில் இருக்கும் ஏடு இது. அவருக்கும் முன்னே எரேமியா இறைவாக்கினர், அயலானுக்குக் கூலி கொடாமல் வேலை வாங்கித் தனக்கு அகன்ற மாளிகை எழுப்பிக் கேதுரு மரம் பதித்துச் செந்நிறம் பூசிய யோயாக்கிம் அரசனைச் சபித்தார் (22-ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசித்துப் பாருங்கள்). அம்மாளிகையின் கட்டடக்கலையைக் குறித்து அவர் ஒரு பாராட்டும் சொல்லவில்லை.

வெள்ளைக்காரர்களின் கூச்சலில் போலித்தனம் இல்லையா? உண்டு. அம்மைதானங்களை வரைந்தவர்களிலும் கட்டியவர்களிலும் ஐரோப்பிய நிறுவனங்கள் இருந்தன. 2022 வரையிலான நான்கு ஆண்டுகளில் ஃபிஃபா ஈட்டியது ஏறத்தாழ 750 கோடி டாலர். அணிகளுக்கு ஒதுக்கிய 44 கோடி டாலர் பரிசுத் தொகைக்கு ஈடாகத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு நிதி ஏற்படுத்துங்கள் என்று மனித உரிமை அமைப்புகள் கேட்டன. 2024 நவம்பரில் 5 கோடி டாலர் நிதி ஒன்று அறிவிக்கப்பட்டது. அகதிகளுக்கும் நலவாழ்வுக்கும் பிற நற்பணிகளுக்கும் பணம் போயிற்று, இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்கு நேரடி இழப்பீடாக ஒன்றுமில்லை. குற்றம் சாட்டுபவன் போலி என்பதால் குற்றவாளி விடுதலையாகிவிடுவானா?

ஆயினும் அந்தச் சொல், போலித்தனம், நம் பக்கமும் திரும்புகிறது. கொங்கு நாட்டு நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற ஒன்று இருந்ததை மறந்துவிட்டோமா? தென்மாவட்டத்து ஏழைப் பெண்பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் விடுதியில் அடைத்து, வெளியே விடாமல் வேலை வாங்கி, முடிவில் திருமணச் செலவுக்கென்று ஒரு தொகை தருவார்கள். இடையில் நோயுற்று வெளியேறினால் அத்தொகைக்கும் உறுதியில்லை. கத்தாரின் கஃபாலா முறைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அந்தப் பிள்ளைகளும் மனமொத்துத்தான் வந்தார்கள். பெயர் மறைந்துவிட்டது, பூட்டிய விடுதிகள் யாவும் மறைந்துவிட்டன என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. உலகக் கோப்பை வரும்போதெல்லாம் இரசிகர்கள் அணியும் சட்டைகள் திருப்பூரில் தைக்கப்படுகின்றன என்று பெருமை பேசுகிறோம். தைத்தவருக்கு மிகைநேரக் கூலி கிடைத்ததா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

ஞாயிறு காலைத் திருப்பலியில் ஆலயத்தின் பின்வரிசையில் நிற்கும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். ஜார்கண்டின் கும்லா பக்கத்திலிருந்து வந்தவர்கள். நம்மைப் போலவே திருமுழுக்குப் பெற்றவர்கள். நகரில் எழும் அடுக்குமாடிகளில் வேலை. தகரக் கொட்டகையில் படுக்கை. அவர்களில் ஒருவன் பாஸ்கா நாளில் வீடு திரும்ப முடியாமல் என்னிடம் வந்தான். ஆதார் அட்டையை மேஸ்திரி வாங்கி வைத்திருக்கிறாராம். மூன்று மாதக் கூலி நிலுவையாம். அந்தக் கட்டடத்தில் வீடு பதிவு செய்திருப்பவர்களில் நம் பங்கு மக்களும் உண்டு. தோகாவைக் குறித்து மனம் கொதிக்கும் நண்பர்கள் இங்கே ஏன் வாய் திறப்பதில்லை?

என்னையும் விட்டுவிடவில்லை நான். வெளிநாடு செல்லும் இளைஞர்களுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எழுதித் தந்திருக்கிறேன். கடவுச்சீட்டைப் பீடத்தின்மீது வைத்து ஆசீர்வதித்திருக்கிறேன். முதல் மாதச் சம்பளத்திலிருந்து அவர்கள் அனுப்பிய காணிக்கையைத் தேர்த்திருவிழாவுக்கு வாங்கிப் பெயரையும் வாசித்திருக்கிறேன். எவ்வளவு கடனில் போகிறாய், ஒப்பந்தத்தைக் காட்டு என்று ஒருவனையும் கேட்டதில்லை.

சவூதியில் 15 மைதானங்கள் திட்டமிடப்பட்டுள்ளன. பெரும்பாலானவை இனிமேல் எழ வேண்டியவை. ஆள் தேடி முகவர்கள் காந்திபுரம் பேருந்து நிலையத்தைச் சுற்றிய லாட்ஜுகளில் நேர்காணல் நடத்தத் தொடங்கிவிட்டார்கள். எனவே எங்கள் பங்கு அலுவலகத்தில் திருமுழுக்குப் பதிவேட்டுக்கு அருகில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். வெளிநாடு செல்பவரின் பெயர், முகவர் பதிவு பெற்றவரா என்பது, கொடுத்த பணம், காப்பீட்டு எண், ஒப்பந்தத்தின் படி, வீட்டில் தொடர்புகொள்ள வேண்டியவர்: இவற்றை எழுதிய பிறகே சான்றிதழும் ஆசீரும். கும்லா இளைஞர்களுக்கும் அதே ஏட்டின் பிற்பகுதியில் பக்கங்கள் உண்டு. பேரவையில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. பங்கு அலுவலகம் தொழிலாளர் துறை ஆகிவிட்டதாம். ஆகட்டும்.

இதுவரை ஏழு பெயர்கள் ஏறியுள்ளன. ஒப்பந்தத்தின் படியைக் கொண்டுவந்தவர்கள் நால்வர். மற்ற மூவரும், புறப்படும் நாளில் விமான நிலையத்தில் தருவதாக முகவர் சொல்லியிருக்கிறார் என்றார்கள்.