எடை கூடியது யார் குற்றம்?

கொவிட் பெருந்தொற்றுக் காலத்திற் பிள்ளைகள் பருத்துவிட்டனர் என்றதும், "சோம்பற் பிள்ளைகள், கவனமற்ற தாய்மார்" என்று தீர்ப்புக் கூறுவோர் உளர். ஏழையின் சமையலறை மீது பழியைப் போட்டுவிட்டு ஆட்சியாளரைத் தப்பவைக்கும் தீர்ப்பு அது. இங்கிலாந்தின் கணக்கே அதனைப் பொய்யாக்குகிறது.

அந்நாட்டுப் பாடசாலைகளில் ஆண்டுதோறும் சிறுவரின் உயரமும் எடையும் அளக்கப்படுகின்றன. 2019-20 இல், 4, 5 வயதுப் பிள்ளைகளில் மிகைப் பருமனுற்றோர் நூற்றுக்கு 9.9, அடுத்த ஆண்டில் 14.4. 10, 11 வயதினரிடையே 21 ஆக இருந்தது 25.5 ஆயிற்று. ஓராண்டில் இத்தகைய பாய்ச்சல், 2006 இல் இவ்வளவீடு தொடங்கியபின் கண்டறியாதது. அதே 2020-21 இல், மிக வறிய பகுதிகளின் 4, 5 வயதினரில் நூற்றுக்கு 20.3, மிக வசதியான பகுதிகளில் 7.8. சோம்பல் என்ன, தெருவைப் பார்த்தா பிள்ளையைப் பற்றுகிறது?

நோய் பரவுகையிற் பாடசாலைகளை மூடியது உயிர்காக்கும் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அக்கதவு அடைபட்டபோது எவருக்கு எது அடைபட்டது? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தன் தோட்டத்தில் ஓடியது. பிரித்தானியாவில் 8 வீடுகளில் ஒன்றுக்குத் தோட்டமே இல்லை. மாடிக் குடியிருப்பில் முடங்கிய பிள்ளைக்குப் பாடசாலை முற்றமே விளையாட்டிடம்; அங்கு கிடைத்த இலவச மதிய உணவே ஒழுங்கான உணவு. இரண்டும் ஒருசேரப் பறிபோயின. ஓடாத கால் தளர்ந்தது, மூச்சு இளைத்தது, மலிவான மாவும் சீனியும் எண்ணெயும் வயிற்றை நிரப்பின.

அரசு செய்தது யாது? 2020 யூலை 4 இல் மதுச்சாலைகளைத் திறந்தது. மாணவர் அனைவரும் பாடசாலை திரும்பியதோ செப்டெம்பரில். ஓகத்தில், வாரத்தில் மூன்று நாட்கள், உணவகங்களில் உண்போரின் செலவிற் பாதியை, ஆளுக்கு 10 பவுண் வரை, அரசே செலுத்திற்று. ஒக்டோபரிலோ, வறிய பிள்ளைகளுக்கு விடுமுறையிலும் உணவளிக்கக் கோரிய பிரேரணையைப் பாராளுமன்றம் 322க்கு 261 என்ற வாக்குகளால் தோற்கடித்தது. வெளியே சென்று உண்ண வழியுள்ளவனுக்கு உதவிப்பணம். பசித்த பிள்ளைக்கு மறுப்பு! இளமையில் அவ்விலவச உணவை உண்டு வளர்ந்த உதைபந்தாட்ட வீரர் மார்க்கஸ் றாஷ்போர்ட் மக்களைத் திரட்டிய பின்னரே, நவம்பரில் அரசு இறங்கி வந்தது.

பாடசாலைகள் மீண்டும் இயங்கிய 2021-22 இல், 4, 5 வயதினரின் கணக்கு 10.1 ஆக வீழ்ந்தது. ஓராண்டிற்குள் தாய்மார் அனைவரும் திருந்திவிட்டனரா? இல்லை, பாடசாலை திறந்தது. மூத்த பிள்ளைகளிடமோ அது 23.4 இல் நின்றது. அவர்கள் இழந்தது முற்றாக மீளவில்லை.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பிற் பருத்த பிள்ளையை நோக்கிக் கேலிக்குரல் எழும்போது இக்கணக்கை நினையுங்கள். பரீட்சையின் பெயரால் விளையாட்டுப் பாடவேளையைப் பறிக்காதீர்கள். மீண்டுமொரு தொற்று வருமாயின், மதுச்சாலைக்கு முன்னர் பாடசாலை முற்றம் திறக்கப்படவேண்டும். பிள்ளையின் உணவு ஒருநாளும் நிறுத்தப்படலாகாது. இதனை இரந்து கேட்கவேண்டியதில்லை, உரிமையாகக் கேட்போம்.