மலைப்பயணத்தில் உறையுளும் உணவும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தை ஒட்டி அமைந்துள்ள வட்டம் உடும்பஞ்சோலை. நெடுங்கண்டம் அதன் தலைமையிடம் ஆகும். பூப்பாறை, பாம்பாடும்பாறை, மதிகெட்டான் சோலை என இங்குள்ள பெயர்களைக் கேட்ட அளவிலேயே தமிழ் கற்கும் மாணவர் பொருளை உணர்ந்துகொள்வர். ஏலத் தோட்டங்களின் நிழலும் ராமக்கல்மேட்டின் காற்றும் வார இறுதிகளில் பல குடும்பங்களை இங்கு அழைத்து வருகின்றன.

புறப்படும் முன் பல வீடுகளில் ஒரு வாதம் எழுவதுண்டு. எங்கே தங்குவது? எங்கே உண்பது? எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே முன்பதிவு செய்துவிட வேண்டும் என்பார் ஒருவர். போகும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்பார் மற்றொருவர். இருவர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு. இரவுத் தங்கலையும் இரவு உணவையும் முன்னரே உறுதிசெய்துகொண்டு, பகல் உணவை வழிக்கு விட்டுவிடுவதே இம்மலைக்குப் பொருத்தமான முறை ஆகும்.

ஒரு குடும்பம் கொச்சியிலிருந்து சனிக்கிழமை விடியலில் புறப்படுவதாகக் கொள்ளலாம். கொச்சியிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 85 அடிமாலி, மூணாறு வழியாகப் பூப்பாறைக்கு வருகிறது. அங்கிருந்து சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை வழியாக நெடுங்கண்டத்தை அடையலாம். ராமக்கல்மேடு அங்கிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர். வரைபடத்தில் விரலளவாகத் தோன்றும் தொலைவு, வளைந்து நெளியும் மலைச்சாலையில் பகலின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். மாலையில் மூடுபனி இறங்கினால் எதிரே வரும் வண்டியும் கண்ணுக்குப் புலப்படாது. சின்னக்கானல் பகுதியில் யானைகளும் சாலையைக் கடக்கும். அருகிலுள்ள ஆனையிறங்கல் என்னும் ஊரின் பெயரே அதற்குச் சான்று கூறும். இத்தகைய இடத்தில், இருட்டிய பின் அறை தேடி அலைவது துணிவன்று, அறியாமையே ஆகும்.

கூட்டத்தையும் கருத வேண்டும். 2022ஆம் ஆண்டு சாந்தன்பாறை அருகிலுள்ள கள்ளிப்பாறையில் நீலக்குறிஞ்சி மலர்ந்தபோது, அதனைக் காண மக்கள் பெருந்திரளாக வந்து குவிந்தனர். அத்தகைய நாள்களில் முன்பதிவு இல்லாதவர்க்கு இடம் கிடைப்பது அரிது. மழைக்காலத்திலோ இன்னும் கூடுதலான எச்சரிக்கை வேண்டும். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, அண்டை வட்டமான தேவிகுளத்தின் பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை மூடி 70 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். எனவே கனமழை அறிவிப்பு வெளியாகும்போது பயணத்தைத் தள்ளிவைப்பதே நன்று. மாவட்ட நிர்வாகம் இரவுப் பயணத்தைத் தடைசெய்யுமானால் அதனை மீறலாகாது.

தங்குமிடத்தைத் தேர்வதில் வாடகை மட்டும் அளவுகோல் ஆகாது. காலையில் காணவிருக்கும் இடத்துக்கு அருகில் தங்குவது அறிவுடைமை. ராமக்கல்மேட்டின் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. சமவெளியின் மீது கதிரவன் எழும் காட்சியைக் காண விழைவோர், தொலைவிலுள்ள நகரத்தில் தங்கினால் அதனை இழக்க நேரிடும். இல்லத் தங்கல்களைக் கேரளச் சுற்றுலாத் துறை வைரம், தங்கம், வெள்ளி எனத் தரம் பிரித்துச் சான்றளிக்கிறது. அச்சான்று உண்டா என்று கேட்டறிவதில் தவறில்லை. மேலும், உள்ளூர்க் குடும்பத்தின் வீட்டில் தங்கும்போது கொடுக்கும் பணம் அவ்வூரிலேயே புழங்கும். இரவு உணவு வேண்டும் என்று நண்பகலுக்குள் சொல்லிவிட்டால், அவர்கள் அளவறிந்து சமைப்பர், உணவும் வீணாகாது.

பகல் உணவு முற்றிலும் வேறு. அதனை முன்னரே முடிவுசெய்தால், பழகிய உணவகத்தின் பழகிய உணவே மீண்டும் தட்டில் விழும். வழியிலுள்ள சிறிய கடையில், “இன்று என்ன சமைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்பதே சிறந்த தொடக்கம். புட்டும் கடலையும், கப்பையும் மீன்குழம்பும் சூடாக வரக்கூடும். பதிமுகம் இட்டுக் காய்ச்சிய செந்நிற நீரைக் கண்டு பிள்ளைகள் வியக்கலாம். அங்கு ‘வெள்ளம்’ என்றால் குடிநீர். தமிழில் அச்சொல் பெருக்கைக் குறிக்கும். ‘சோறு’ என்பதோ இரு மொழிக்கும் பொதுவான சொல். ஒரு வேளை உணவில் இத்துணை மொழிப்பாடம் வேறெங்கும் கிடைப்பதரிது.

சிறுபிள்ளைகளின் வயிறு புதிய உணவை ஏற்குமா என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. சமைத்து ஆறாத உணவையும் கொதித்தாறிய நீரையும் தேர்ந்தால் அவ்வச்சம் பெரிதும் நீங்கும். ஒவ்வாமை உடையவர்க்கும் கடை தென்படாத வழிக்கும் வீட்டிலிருந்து கொண்டுவந்த கட்டுச்சோறு துணைநிற்கும். ஆனால் உண்ட மிச்சத்தையும் நெகிழிப் பைகளையும் மலையில் வீசுதல் கூடாது. அரிசியின் சுவை கண்டு கடைகளையும் வீடுகளையும் உடைத்த ‘அரிக்கொம்பன்’ என்னும் யானை, 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடிக்கப்பட்டு இடமாற்றப்பட்டது. மனிதர் உணவுக்குப் பழகிய விலங்கு தன் காட்டையே இழக்க நேரும் என்பதற்கு அதுவே சான்று.

இறுதியாக ஒன்று. நாள்தோறும் விடியலில் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து ஜீப்புகள் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு இம்மலைக்கு வருகின்றன. அவர்களுள் பலர் பெண்கள். ஏலக்காய் பறிப்பவர்கள் அவர்களே. தூக்குவாளியில் கொண்டுவந்த சோற்றைத் தோட்ட நிழலில் அமர்ந்து உண்டு, மாலையில் மலையிறங்குவர். மகிழ்வூட்டும் சுற்றுலாத்தலமாக ஒருவர்க்குத் தோன்றும் இடம், மற்றொருவர்க்குப் பிழைப்புக்கான நிலம். அவர்கள் காட்சிப்பொருள் அல்லர். இசைவின்றிப் படம் எடுக்காமல், தமிழில் நலம் கேட்டு, அவர்களது வண்டிக்கு வழிவிட்டுச் செல்வதே பண்பு.

எங்கே தங்குவது, எங்கே உண்பது என்னும் கேள்வி வசதியைப் பற்றியது மட்டுமன்று. கொடுக்கும் பணம் யார் கைக்குச் சேர்கிறது, விட்டுச்செல்லும் மலை எவ்வாறு இருக்கிறது என்பதும் அதனுள் அடங்கும். இவ்விரண்டையும் எண்ணித் திட்டமிடும் குடும்பத்தை அம்மலை மீண்டும் வரவேற்கும்.