வைத்தியசாலை மரணங்கள்: எண்கள் சொல்வதும் எண்கள் மறைப்பதும்

"அந்த வைத்தியசாலைக்குப் போனவர் உயிரோடு திரும்புவதில்லை." பிரித்தானியாவில் வாழும் எம்மவர்களிடையே அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இறப்பு வீதம் ஏன் உயர்ந்தது என நிர்வாகத்தைக் கேட்டாலோ, "எங்களிடம் வருவோர் முதியவர்கள், கடும் நோயாளிகள்" என்ற பதில் ஆயத்தமாக இருக்கின்றது. இரண்டுமே அரை உண்மைகள். அரை உண்மைகளை நம்பி எமது பெற்றோரின் உயிரை ஒப்படைக்க முடியுமா?

1863 இல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் வெளியிட்ட நூலில், இலண்டனின் 24 வைத்தியசாலைகளின் இறப்பு வீதம் 90 சதவீதத்திற்கும் மேல் என அச்சாகியிருந்தது. ஓராண்டில் இறந்தோரின் தொகையை, ஒரேயொரு நாளில் படுக்கையில் இருந்தோரின் தொகையால் வகுத்ததால் வந்த எண் அது! மருத்துவர்கள் கொதித்தெழுந்தனர். எதனை எதனால் வகுக்கின்றோம் என்பதிலேயே ஒரு வைத்தியசாலையின் மானம் தங்கியிருக்கின்றது.

இன்று இங்கிலாந்தில் கணக்கிடும் முறை மேம்பட்டுள்ளது. நோயாளியின் வயது, நோயின் தன்மை, கூடவே உள்ள பிற நோய்கள், அவசரமாக அனுமதிக்கப்பட்டாரா என்பன கருத்தில் கொள்ளப்பட்டு, எதிர்பார்க்கக்கூடிய இறப்புகளோடு உண்மையான இறப்புகள் ஒப்பிடப்படுகின்றன. இம்முறையிலான அட்டவணை 2011 முதல் வெளியாகி வருகின்றது. ஆயினும் எண்களைத் தவறாக வாசிக்கும் வழக்கம் ஒழியவில்லை.

2015 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. வெள்ளி முதல் திங்கள் வரை அனுமதிக்கப்பட்டோரிடையே, ஏனைய நாட்களோடு ஒப்பிடுகையில், 30 நாட்களுக்குள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11,000 மேலதிக மரணங்கள் நிகழ்வதாக அது கூறியது. இவையனைத்தும் தவிர்க்கக்கூடியவை எனக் கருதலாகாது என ஆய்வாளர்களே எச்சரித்திருந்தனர். அரசோ அவ்வெண்ணை மருத்துவர்களுடனான ஒப்பந்தத் தகராறில் ஆயுதமாக்கியது. வார இறுதியில் அனுமதிக்கப்படுவோர் தொகையில் குறைவு. ஆனால் நோயின் கடுமையில் கூடியவர்கள் என்பதனைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

இத்தகைய செய்தியைக் கேட்டு, நெஞ்சுவலியோடு இருக்கும் தந்தையை "திங்கட்கிழமை வரை பார்ப்போம்" என வீட்டில் வைத்திருப்பது எத்தகைய பேதைமை! அவரைக் கொல்லக்கூடியது கிழமை அன்று, தாமதமே.

அதற்காக நிர்வாகங்கள் தப்பிவிட முடியாது. மிட் ஸ்ராஃபோர்ட்ஷயர் வைத்தியசாலையின் இறப்பு வீதம் உயர்ந்திருந்தபோது, பதிவுக் குறியீடுகளில் உள்ள கோளாறு என நிர்வாகம் சமாதானம் கூறியது. உறவுகளை இழந்த குடும்பங்கள் விடாது போராடின. 2013 இல் வெளியான பொது விசாரணை அறிக்கை, ஆளணிக் குறைப்பையும் நோயாளிகள் கைவிடப்பட்டதையும் அம்பலப்படுத்தியது. தாதி ஒருவர் பராமரிக்கும் நோயாளிகளின் தொகை ஒன்றால் கூடினால், மரண வாய்ப்பு ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகின்றது என அமெரிக்காவில் 2002 இலும் ஐரோப்பாவில் 2014 இலும் வெளியான ஆய்வுகள் கண்டன. நோயாளியின் நிலை மட்டுமன்று, அவர் படுத்திருக்கும் விடுதியின் நிலையும் உயிரைத் தீர்மானிக்கின்றது.

இவ்வளவு நுணுக்கமான கணக்கிலும் இடம்பெறாத ஒன்று உண்டு: நோயாளியின் மொழி. தெற்காசியரிடையே நீரிழிவும் இதய நோயும் மிகுதி என்பது மருத்துவ உலகம் அறிந்ததே. வலி எங்கே, எப்போது தொடங்கியது, எந்த மருந்து ஒவ்வாது என்பதைச் சொல்ல முடியாத தாயின் நோய் எந்தப் பட்டியலில் திருத்தப்படும்? அந்த இடைவெளியைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நிரப்புகின்றது. தாயின் புற்றுநோயை மகளின் வாயாலேயே தாய்க்கு அறிவிக்க வைப்பது கொடுமை அல்லவா? குடும்பத்தினரை, அதிலும் சிறுவரை, மொழிபெயர்ப்பாளராக நம்பியிருக்கலாகாது என்பதே தேசிய சுகாதார சேவையின் வழிகாட்டல். தொழில்முறை மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளி பணம் செலுத்த வேண்டியதில்லை. கேட்காதவருக்கு அது கிடைப்பதும் அரிது.

பெற்றோரே, கேளுங்கள்! "தொந்தரவு கொடுக்கக்கூடாது" என்ற கூச்சம் வைத்தியசாலை வாசலோடு நிற்கட்டும். 2021 இல் 13 வயதுச் சிறுமி மார்த்தா மில்ஸ், குருதித்தொற்று முற்றி இறந்தார். அவரது பெற்றோரின் கவலை செவிமடுக்கப்படவில்லை. அவர்களது போராட்டத்தால் பிறந்த "மார்த்தா விதி" 2024 முதல் இங்கிலாந்தின் வைத்தியசாலைகளில் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நோயாளியின் நிலை மோசமடைந்தால், வேறொரு மருத்துவக் குழுவின் உடனடி மீள்பரிசோதனையைக் குடும்பத்தினர் கோரலாம்.

இளையோரே, மருத்துவ அறையில் மொழிபெயர்ப்பது உங்கள் கடமையன்று. மொழிபெயர்ப்பாளரைக் கோருவதே உங்கள் கடமை. நோயாளியின் மொழியைப் பதிவு செய்து, அதன்படி இறப்புகளை ஆராயுமாறு உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். எண்ணப்படாத காரணம் திருத்தப்படாது. திருத்தப்படாத காரணம் அடுத்த வீட்டு வாசலையும் தட்டும்.