கரிசல் பிள்ளைகளுக்கும் கடல் படிப்பு

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் தூத்துக்குடி. அங்கிருந்து ராமேசுவரம் வரை நீள்கிறது மன்னார் வளைகுடாவின் தீவுக்கூட்டம். 21 தீவுகளைச் சுற்றிய அந்தக் கடற்பரப்பு 1986-இல் தேசியப் பூங்காவானது. பவளப்பாறை, கடற்புல், ஆவுளியா, கடல் அட்டை என உலகம் தேடிவந்து ஆராயும் உயிர்கள் அங்கே உண்டு. இருந்தும் நம் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் பலருக்குக் கடல் உயிர் என்பது ஃபார்மலின் பாட்டிலுக்குள் மிதக்கும் மாதிரிதான். பலனோகிளாசஸ் என்று ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து மதிப்பெண் வாங்குவார்கள். அந்த உயிருக்குப் பேர்போன குருசடைத் தீவு பாம்பனுக்குப் பக்கத்தில் இருப்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

அதே வகுப்பில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்த கபடி வீராங்கனையோ, நெடுந்தூர ஓட்டக்காரரோ இருப்பார். மூன்று வருடம் கல்லூரிக்குக் கோப்பைகள் வாங்கித் தருவார். பட்டம் முடிந்ததும் அவருக்குக் காட்டப்படும் கதவுகள் இரண்டே: பி.பி.எட். அல்லது போலீஸ் தேர்வு. இரண்டும் மதிப்பான வேலைகளே. ஆனால் அவர் படித்த விலங்கியல் அந்த இரண்டிலும் எங்கே பயன்படுகிறது? மைதானத்தில் பழகிய உடம்பும் ஆய்வகத்தில் பழகிய கண்ணும் ஒருசேரத் தேவைப்படும் துறை கடல் உயிரியல். அந்தக் கதவையும் இந்த மாவட்டக் கல்லூரிகள் திறந்துவிட வேண்டும் என்கிறோம்.

கடலடி ஆய்வு மேசை வேலை அல்ல. நீருக்கடியில் அளவு நாடாவை விரித்து, நீரோட்டம் இழுக்க இழுக்க, பவளத்தை இனம் பிரித்து எண்ணி, பிளாஸ்டிக் பலகையில் குறித்துக்கொண்டு, காற்று தீருமுன் பதற்றமில்லாமல் மேலே வர வேண்டும். மூச்சையும் நிதானத்தையும் பயிற்சியாளர் சொல்லைக் கேட்கும் ஒழுங்கையும் ஒரு விளையாட்டு வீரர் ஏற்கெனவே கற்றிருக்கிறார். மீதியைக் கற்றுத்தர முடியும். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் சிலிண்டர் எதுவும் இல்லாமல் மூழ்கிக் கடற்பாசி எடுப்பவர்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீக்காலஜி என்ற பன்னாட்டு அமைப்பு விருது தந்தது. உடம்பால் கடலை அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். பட்டம் படிக்கும் வீரர்கள் இங்கே இருக்கிறார்கள். இருவரையும் ஒரே படகில் ஏற்றுவதற்கு ஏற்பாடுதான் இல்லை.

நம் மாவட்டத்துச் சிவகாசிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. தீப்பெட்டிக்கும் சிவகாசிக்கும் மட்டும் என்ன சம்பந்தம் இருந்தது? 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்தார்கள். மழையில்லாத வெயிலைத் தவிர ஊரில் வேறு முதல் இல்லை. அந்தத் தீயில் வளர்ந்த செல்வத்தில்தான் இந்த ஊரின் கல்லூரிகளும் எழுந்தன. இன்று அதன் வழிவந்த பட்டாசுத் தொழில் நெருக்கடியில் இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பிறகு, மருந்து கலந்தே வாழ்ந்த வீடுகள் பிள்ளைகளாவது வேறு பிழைப்புக்குப் போகட்டும் என்று நினைக்கின்றன.

வேலை கிடைக்குமா என்ற கேள்வி நியாயமானது. ஆராய்ச்சிப் பணியிடங்கள் குறைவு என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் 1947-இல் தொடங்கி மண்டபம் ஊரில் மையம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், சென்னையின் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், மீன்வளத் துறை, வனத்துறை என்று கடல் தெரிந்தவருக்கு இடம் இருக்கிறது. கடற்புல் மீட்பு, பவள நடவு போன்ற திட்டங்களுக்கும் நீரில் இறங்கக்கூடியவர்கள் வேண்டும். விலங்கியல் பட்டதாரி மேலே படிக்க விரும்பினால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. விளையாட்டுச் சான்றிதழை மட்டும் நம்பி நிற்பதைவிட இது மோசமான வழி இல்லை.

தடையாக நிற்பது பணம். அடிப்படை ஸ்கூபா பயிற்சிக்கே இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கும் மாணவி அதைக் கனவிலும் தொடமாட்டார். எனவே 'நான் முதல்வன்' பயிற்சிகளில் கடல் நீச்சலையும் ஸ்கூபாவையும் அரசு சேர்க்க வேண்டும். இறங்குமுன் நுரையீரல் பரிசோதனை கட்டாயம். பட்டாசு வேலைக்குப் போய் வந்த பிள்ளைகளுக்கு அது இன்னும் கட்டாயம். நீச்சலையும் அடியிலிருந்து சொல்லித்தர வேண்டும். சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தக் கற்ற தலைமுறை போய்விட்டது. பெண் பிள்ளைகளுக்கோ அந்த வாய்ப்பு அன்றும் குறைவு.

கல்லூரிகள் தாம் செய்யக்கூடியதற்கு அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகப் போட்டிக்குப் பத்து நாள் ஓ.டி. (ஆன் டூட்டி) தரும் நிர்வாகம், மண்டபத்திலோ தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலோ களப்பயிற்சி பெறவும் அதே ஓ.டி.யைத் தரலாம். போட்டிக்குப் போனதால் தவறிய செய்முறை வகுப்புகளை விடுமுறையில் நடத்திக் கொடுக்கலாம். செலவை அறக்கட்டளைகள் ஏற்கலாம். கோப்பை வென்ற அணிக்கு அச்சடிக்கும் பிளெக்ஸ் பேனர்களைக் குறைத்தாலே கொஞ்சம் மிஞ்சும்.

வருகிற கல்வியாண்டிலேயே விருதுநகர், சிவகாசிக் கல்லூரிகள் சேர்ந்து விலங்கியல் படிக்கும் விளையாட்டு வீரர்களின் முதல் குழுவை மண்டபத்துக்கு அனுப்ப வேண்டும். மாவட்ட ஆட்சியர் அதற்கான கூட்டத்தை இந்தப் பருவம் முடிவதற்குள் கூட்டட்டும்.