‘ஒன்றுமில்லை’ என்ற மருந்து

நம் டாக்டர்கள் தருகிற மருந்துகளில் மிகவும் மலிவானது எது என்று என்னைக் கேட்டால், ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்தான் என்பேன். அதற்குச் சீட்டு எழுத வேண்டியதில்லை. மருந்துக் கடை வாசலில் காத்து நிற்க வேண்டியதில்லை. கட்டணத்தை மட்டும் முன்கூட்டியே வாங்கிக் கொண்டு விடுகிறார்கள்.

மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. அந்த வீட்டுப் பெண் பள்ளிக்கூட ஆசிரியை. சாயங்காலம் மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருவாள். மாடிப்படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்து விடுவாள். கீழே தாழ்வாரத்தில் எழுதிக் கொண்டிருக்கும் நான், “என்னம்மா?” என்று கேட்பேன். “ஒண்ணுமில்லே மாமா, மூச்சு வாங்குது” என்பாள். டாக்டர்கள் சொல்லிச் சொல்லி அந்தச் சொல் அவளுக்கும் ஒட்டிக் கொண்டு விட்டது!

அவள் பார்த்த முதல் டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்து, “ரத்த சோகை” என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். ஆறு மாதம் விழுங்கினாள். வயிறு கெட்டதுதான் மிச்சம். ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டவில்லை. இரண்டாமவர், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அவளைக் கோபித்துக் கொண்டார். மூன்றாமவர், “மனக் கவலை, கல்யாணம் ஆனால் சரியாகி விடும்” என்றார். சோகைக்குக் கல்யாணத்தை மருந்தாகக் கண்டுபிடித்த மேதை அவர்!

நான்காமவர்தான் பழைய பரிசோதனைச் சீட்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தார். சிவப்பணுக்களின் எண்ணிக்கை குறையவில்லை. சற்றுக் கூடவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு அணுவும் இருக்க வேண்டிய அளவில் இல்லாமல் சிறுத்திருந்தது. இரும்புக் குறைவினால் வரும் சோகையில் பெரும்பாலும் எண்ணிக்கையும் சேர்ந்து குறையும். இந்த எண்கள் மூன்று வருஷமாக அதே சீட்டுகளில் அச்சாகிக் கொண்டிருந்தவைதாம். படிப்பதற்குத்தான் ஆளில்லை. ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார். ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். இவளுக்கு 5-ஐத் தாண்டி இருந்தது. பீட்டா தலசீமியா மைனர்.

சரி, பெயர் தெரிந்தது. அப்புறம்? “மைனர்தான், ஒன்றுமில்லை” என்று அவரும் அனுப்பி வைத்து விட்டார்.

மைனர் என்ற சொல்லை நாம் அறிவோம். ஜிப்பாவும் கழுத்துச் சங்கிலியுமாக வேலை வெட்டி இல்லாமல் ஊர் சுற்றுகிறவனுக்கு நம் கிராமங்களில் அதுதான் பெயர். அந்த மைனர்களால் அழிந்த குடும்பங்களும் உண்டு. ஆகவே பெயரைக் கேட்டு அலட்சியம் செய்ய வேண்டாம் என்கிறேன்.

டாக்டர்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மைனர் முற்றி மேஜராக மாறுவதில்லை. அதற்கு ரத்தம் ஏற்ற வேண்டிய அவசியம் சாதாரணமாக வருவதில்லை. தமக்கு அது இருப்பதே தெரியாமல் எண்பது வயது வரை வாழ்ந்து முடித்தவர்கள் அநேகர். ஆனால் அநேகருக்கு ஆயாசம் இல்லை என்பதனால் இவளுக்கும் இல்லை என்று ஆகி விடுமா? மழை பெய்யாத ஊர்கள் பல உண்டு என்று, நனைந்து வந்து நிற்கிறவனிடம் வாதாடலாமா?

இலங்கையில் டாக்டர் அனுஜ பிரேமவர்தனவும், இங்கிலாந்தின் பேராசிரியர் டேவிட் வெதரலும், மற்றச் சிலரும் இதையே கேள்வியாக எடுத்துக் கொண்டு ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். மைனர் உள்ளவர்களுக்குச் சோகை லேசாக இருந்தும், சோகைக்குரிய தொல்லைகள் மற்றவர்களை விட அதிகமாகவே இருக்கக் கண்டார்கள். பாடப் புத்தகத்தில் ‘அறிகுறி இல்லை’ என்று அச்சிட்டிருக்கலாம். படியில் உட்கார்ந்திருக்கும் பெண் அந்தப் புத்தகத்தைப் படித்து விட்டு மூச்சு வாங்குவதில்லை.

ஒருவேளை அவளுடைய அசதிக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். தைராய்டாக இருக்கலாம், மைனரோடு கூட உண்மையான இரும்புக் குறைவும் சேர்ந்திருக்கலாம். அப்படியானால் அதைத் தேடுங்கள். உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பாக இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் சோதனையைச் செய்து பாருங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை. அப்படிப்பட்ட நாட்டில் இரும்பு மாத்திரை கொடுப்பது தவறல்ல. மாத்திரை பலிக்காதபோது மாத்திரையைச் சந்தேகிக்காமல் பெண்ணைச் சந்தேகிக்கிறார்களே, அதுதான் தவறு. வேண்டாத இரும்பை வெளியே தள்ள மனித உடம்புக்குத் தனி வழி கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியாததா?

இதை விடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. அப்போது அந்தப் பெண்ணுக்கு அத்தை மகனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவனுக்கும் சோதித்துப் பாருங்கள் என்று நான்கு டாக்டர்களில் ஒருவர் கூடச் சொல்லவில்லை. ரத்தம் எடுக்கிற பரிசோதனைக் கூடத்து ஊழியர்தான், “மாப்பிள்ளைக்கும் ஒரு தடவை பார்த்துடுங்கம்மா” என்று போகிற போக்கில் சொன்னாராம். இருவருக்குமே மைனர் இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பிறக்கிற குழந்தை மேஜராகப் பிறக்கும். இரண்டு, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றி ஏற்றித்தான் அந்தக் குழந்தையை வளர்க்க வேண்டும். சொந்தத்திலேயே கொள்வினை கொடுப்பினை செய்யும் நம் குடும்பங்களில் அந்த அபாயம் அதிகம்.

நல்ல வேளை, அந்தப் பையனுக்கு இல்லை. நல்ல வேளையை நம்பியா நாம் பிள்ளை பெறுவது?

சைப்ரஸ் என்ற சின்னத் தீவு 1970-களிலேயே விழித்துக் கொண்டது. கல்யாணத்துக்கு முன் சோதனை என்பது அங்கே வழக்கமாயிற்று. தேவாலயமே சான்றிதழ் கேட்டது. கருவிலேயே கண்டறியும் சோதனையும் சேர்ந்து கொள்ள, மேஜராகப் பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய இல்லாமலே போயினர். இருவருக்கும் இருப்பது தெரிந்த பிறகும் பெரும்பாலான ஜோடிகள் பிரிந்து போய்விடவில்லை. தெரிந்து கொண்டு மணந்தார்கள், அவ்வளவுதான்.

இங்கே பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், இதைப் பதினோராவது தோஷமாக்கிப் பெண்ணைத் தட்டிக் கழிக்கக் கூடாது. மைனர் உள்ளவர்களை மலேரியா எளிதில் கொல்வதில்லை, அதனால்தான் இது பரம்பரையாக நிலைத்தது என்ற கருத்தை 1949-இல் வெளியிட்டவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957-இல் நம் நாட்டுக்கே வந்து குடியேறிய அதே விஞ்ஞானிதான். முன்னோரைக் காத்த ஒன்று எப்படிக் களங்கமாகும்? சோதனையைப் பெண்ணுக்கு மட்டும் செய்யாமல் பிள்ளைக்கும் செய்யுங்கள்.

டாக்டர்களிடம் நான் வேண்டுவது அதிகமில்லை. சீட்டில் உள்ள எண்களை முழுவதும் படியுங்கள். மைனர் என்றால் என்ன என்று ஐந்து நிமிஷம் உட்கார வைத்துச் சொல்லுங்கள். அசதிக்குக் காரணம் அகப்படாவிட்டால் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று ஒப்புக் கொள்ளுங்கள். அதனால் உங்கள் மதிப்பு குறையாது. ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

கல்யாணமாகிப் போன அந்தப் பெண் தாய் வீட்டுக்கு வரும்போது இன்னும் அதே படியில்தான் உட்காருகிறாள். “என்னம்மா?” என்கிறேன். இப்போதெல்லாம் “ஒண்ணுமில்லே” என்று அவள் சொல்வதில்லை.

“களைப்பா இருக்கு மாமா, கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போறேன்” என்கிறாள்.