ஆங்கிலம் அறியாத தாய் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்



சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது குடிபாலா. அந்தப் பகுதியில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், ஊரிலும் அலுவலகத்திலும் தெலுங்கு, தேர்வுத் தாளில் ஆங்கிலம். பிழைப்பை முன்னிட்டுப் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தால் கன்னடமும் சேர்ந்துகொள்கிறது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானது; 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது; 1960இல் எல்லை மீண்டும் திருத்தப்பட்டது. கோடுகள் மாறினபோதும் வீட்டில் பேசும் மொழி மாறவில்லை.

கடந்த ஆண்டு பெங்களூரில், அந்தப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். தகப்பன் சந்தையில் சுமை இறக்குகிறவர். தாய் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்கிறவர். மகள் பட்டப்படிப்பை முடித்து, வங்கி எழுத்தர் பணிக்கான தேர்வை எழுதியிருந்தாள். கணக்கிலும் அறிவுத்திறனிலும் நல்ல மதிப்பெண். ஆங்கிலத்தில் மட்டும் குறைந்தபட்ச மதிப்பெண்ணை எட்டவில்லை. அந்தத் தேர்வில் ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியே தேற வேண்டும். கணக்கில் அதிகமாய்ப் பெற்றதை ஆங்கிலத்துக்குக் கடன் கொடுக்க இயலாது. ஆகவே முழுத் தேர்விலும் தோல்வி.

“எனக்கு ஆங்கிலம் வராது, ஐயா. தமிழ் பேசுகிற வீட்டில் பிறந்ததுதான் காரணம்” என்றாள் அந்த மகள்.

அடுப்பண்டையில் நின்றிருந்த தாய் ஒன்றும் சொல்லவில்லை. நான் விடைபெற்றுப் புறப்பட்டபோது வாசல்வரை வந்து, தாழ்ந்த குரலில், “ஐயா, எனக்கு ஏ, பி, சி, டி கூடத் தெரியாது. என் பிள்ளைக்கு நான் என்ன செய்ய முடியும்?” என்று கேட்டார்கள்.

அந்தத் தாய்க்குச் சொன்ன பதிலையே இம்மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன். ஆங்கில எழுத்து அறியாத பெற்றோரும் வாசிக்கும்படி, ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

முதலாவது, தேர்வின் அளவை அறிந்துகொள்ளுங்கள். 2024ஆம் ஆண்டில் ஐ.பி.பி.எஸ். நடத்திய எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள், 20 நிமிடங்கள். அதாவது கேள்விக்கு 40 விநாடி. ஒவ்வொரு தவறான விடைக்கும் கால் மதிப்பெண் குறைக்கப்படும். எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண்கள். தவறான விடைக்கு அரை மதிப்பெண் குறையும். 2023இன் தொடக்கத்தில், எஸ்.எஸ்.சி.யின் சில தேர்வுகளைத் தமிழ், தெலுங்கு உட்பட 13 மாநில மொழிகளிலும் எழுதலாம் என்ற நல்ல அறிவிப்பு வந்தது. ஆயினும் ஆங்கிலப் பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதற்கு விலக்கு இல்லை.

இத்தேர்வுகளில் தவறாமல் இடம்பெறும் ஒரு வகை, வாக்கியத்தைத் துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்து, பிழையுள்ள துண்டைக் கண்டுபிடிக்கச் சொல்வது. இதற்குக் கடினமான சொற்கள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப வருகிற பிழைகள் சிலவே. அவற்றில் பலவற்றைத் தமிழ் அறிந்த காது கண்டுபிடித்துவிடும். பிள்ளை வாக்கியத்தைச் சத்தமாய் வாசித்துத் தமிழில் பொருள் சொல்லட்டும். நீங்கள் பின்வரும் கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: “எது? யார்?”

“தி பாஸ்கெட் ஆஃப் மேங்கோஸ் ஆர் ஹெவி” என்று ஒரு வாக்கியம். கனமாயிருப்பது எது என்று கேளுங்கள். “மாம்பழக் கூடை” என்று பதில் வரும். கூடை ஒன்றுதானே? அப்படியானால் ‘ஆர்’ தவறு, ‘இஸ்’ சரி. வினைச்சொல்லுக்கு அருகில் ‘மேங்கோஸ்’ என்ற பன்மை நிற்பதால் பிள்ளை ஏமாறுகிறது. தேர்வுத் தாளைத் தயாரிக்கிறவர் விரித்த வலையே அதுதான். அப்படியே “ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் ஆர் இன் சித்தூர்” என்பதையும் பாருங்கள். ‘என் நண்பர்களில் ஒருவன் சித்தூரில் இருக்கிறார்கள்’ என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சொல்லாது. ‘இருக்கிறான்’ என்றே சொல்லும். ஆகவே ‘இஸ்’. ‘நண்பர்களில்’ என்ற பன்மையும் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்பதில் இருந்தாக வேண்டும்; ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்பது பிழை.

இரண்டாவது கேள்வி: “எத்தனை நாளாகவா, எந்த நாள் முதலா?”

இதிலே என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. வேதாகமக் கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டில், காய்ச்சலுக்காக விடுப்புக் கடிதம் எழுதினேன். “ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்” என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் ‘சின்ஸ்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார்; காரணம் சொல்லவில்லை. ‘ஃப்ரம் த்ரீ டேஸ்’ என்று மாற்றி அனுப்பினேன். அதுவும் வட்டத்தோடு திரும்பி வந்தது. மூன்றாவது கடிதம் எழுதி முடிப்பதற்குள் காய்ச்சல் நின்றுபோயிற்று! வெட்கம் மாத்திரம் நிற்கவில்லை. அந்தப் பருவம் முடியும்வரை வகுப்பில் ஆங்கிலத்தில் வாய் திறக்க அஞ்சினேன்.

பின்பு நானாகவே கண்டுகொண்டது இது: ‘மூன்று நாட்களாக’, ‘ஐந்து ஆண்டுகளாக’ என்று தமிழில் ‘ஆக’ வந்தால் ‘ஃபார்’. ‘திங்கட்கிழமை முதல்’, ‘2019இலிருந்து’ என்று தொடக்கத்தைச் சொன்னால் ‘சின்ஸ்’. தமிழ் இவ்விரண்டையும் தெளிவாகவே பிரித்துக் காட்டுகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: தமிழில் ‘மூன்று நாட்களாகக் காய்ச்சலால் அவதிப்படுகிறேன்’ என்று நிகழ்காலம் போதும். ஆங்கிலத்திலோ, அன்று தொடங்கி இன்றுவரை நீடிப்பதற்கு ‘ஹேவ் பீன்’ வேண்டும். “ஐ ஹேவ் பீன் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்” என்பதே சரி.

மூன்றாவது கேள்வி: “இறந்தகாலம் எத்தனை முறை?”

“ஹி டிட் நாட் வென்ட்” என்பது பலர் எழுதும் பிழை. தமிழில் ‘போகவில்லை’ என்கிறோம், ‘போனவில்லை’ என்பதில்லை. அதுபோல ‘டிட்’ இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டபடியால் அடுத்த வினை அதைச் சுமக்கத் தேவையில்லை. “டிட் நாட் கோ” என்று எழுத வேண்டும்.

நான்காவது கேள்வி: “இணைப்புச் சொல் ஒன்றா, இரண்டா?”

“ஆல்தோ ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஹாப்பி.” தமிழில் ‘அவன் ஏழையாயிருந்தாலும் மகிழ்ச்சியாயிருக்கிறான்’ என்று சொல்லுவோம். ‘இருந்தாலும்’ என்று சொன்னபின் ‘ஆனால்’ எதற்கு? ‘ஆல்தோ’ வந்தால் ‘பட்’ வேண்டாம். அப்படியே ‘பிகாஸ்’ என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் ‘சோ’ வேண்டாம்.

ஐந்தாவது கேள்வி: “முதல் ஒலி உயிரா?”

‘எ’ என்பதா, ‘அன்’ என்பதா என்று பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். ஒலியைக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். ‘ஆனஸ்ட்’ என்பது ‘ஆ’ என்ற உயிரெழுத்தில் தொடங்குகிறது. ஆகவே ‘அன் ஆனஸ்ட் மேன்’. ‘எம்.எல்.ஏ.’ என்பதும் உயிரெழுத்தில் தொடங்குகிறது. ஆகவே ‘அன் எம்.எல்.ஏ.’. ‘யூனிவர்சிட்டி’ என்பது ‘யூ’ என்ற உயிர்மெய்யில் தொடங்குகிறது. ஆகவே ‘எ யூனிவர்சிட்டி’. ஒன்றில் மட்டும் ஜாக்கிரதையாயிருங்கள்: ‘ஒன்’ என்று நாம் எழுதும் எண்ணின் உண்மையான உச்சரிப்பு ‘வன்’. ஆகவே ‘எ ஒன்-ருபி காயின்’ என்பதே சரி.

ஆறாவது கேள்வி: “இந்தச் சொல் தமிழிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதா?”

இதுவரை தமிழ் நமக்குத் துணை நின்றது. இங்கேதான் அது நம்மை வழிதவறச் செய்யும். ‘அதைப் பற்றி விவாதித்தார்கள்’ என்பதை நினைத்து ‘டிஸ்கஸ்ட் அபௌட்’ என்று எழுதுகிறோம்; ‘டிஸ்கஸ்ட்’ போதும். ‘அறைக்குள் நுழைந்தான்’ என்பதை நினைத்து ‘என்டர்ட் இன்டு தி ரூம்’ என்கிறோம். ‘என்டர்ட் தி ரூம்’ போதும். ஒப்பந்தம் செய்துகொள்ளும்போது மட்டும் ‘என்டர்ட் இன்டு அன் அக்ரிமென்ட்’ என்பது சரி. ‘என்னைவிட மூத்தவர்’ என்பதை நினைத்து ‘சீனியர் தேன் மீ’ என்கிறோம். ‘சீனியர் டு மீ’ என்று வர வேண்டும். ‘தகவல்கள்’, ‘அறிவுரைகள்’ என்ற பன்மையை நினைத்து ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’ என்கிறோம். இப்பொருளில் அவ்விரு சொற்களுக்கும், ‘ஃபர்னிச்சர்’, ‘லக்கேஜ்’ என்பவற்றுக்கும் பன்மை இல்லை. ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’ என்பதை ‘ஐ ஆம் ஹாவிங்’ என்கிறோம். ‘ஐ ஹேவ்’ என்பதே சரி. இவற்றைக் காதினால் கண்டுபிடிக்க இயலாது. எழுதி வைத்து மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

அதற்கு ஒரு தனி நோட்டுப் புத்தகம் வையுங்கள். பக்கத்தை மூன்று பத்திகளாகக் கோடிடுங்கள். முதலாவதில் தவறு, இரண்டாவதில் திருத்தம், மூன்றாவதில் காரணம் தமிழில். மூன்றாவதை வெறுமையாய் விடாதிருங்கள். காரணமற்ற சிவப்பு வட்டத்தினால் வெட்கம் வருமேயன்றி அறிவு வராது. அதை நான் அனுபவித்தவன். தினமும் பத்து வாக்கியங்கள் போதும். ‘ரென் அண்ட் மார்ட்டின்’ என்று எல்லாரும் அழைக்கும் இலக்கண நூல் 1930களில் வெளிவந்து இன்றும் விற்பனையாகிறது. அதை முதல் பக்கத்திலிருந்து தொடங்கிப் பாதியில் சோர்ந்துபோகாமல், எழுவாயும் வினையும் இசைவது, ‘எ, அன், தி’, வேற்றுமைச் சொற்கள் ஆகிய பாடங்களை முதலில் படிக்கட்டும்.

தேர்வறையில் செய்ய வேண்டியவை: முதலில் வாக்கியம் முழுவதையும் ஒருமுறை வாசிக்க வேண்டும். அடுத்து வினைச்சொல்லைக் கண்டு, அதற்கு உரிய எழுவாயைத் தேட வேண்டும். பின்பு காலம், இணைப்புச் சொல், சிறு சொற்கள் என்று வரிசையாய்ப் பார்க்க வேண்டும். ‘பிழை இல்லை’ என்பதும் ஒரு விடையே. இல்லாத பிழையை உண்டாக்கக் கூடாது. ஒன்றும் புலப்படாவிட்டால் கடந்து போவது நல்லது. எட்டுக் கேள்விகளுக்குக் குருட்டுத்தனமாய்த் தவறான விடையளித்தால், வங்கித் தேர்வில் பெற்றிருந்த இரண்டு மதிப்பெண்கள் போய்விடும்.

பிரியமானவர்களே, “வீட்டு மொழிதான் தடை” என்று சொல்லும் பிள்ளைக்கு ஒருவரை நினைப்பூட்டுங்கள். 1888இல் திருத்தணியில், தெலுங்கு பேசும் எளிய குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், பின்பு வேலூரில் ஊரிஸ் கல்லூரியிலும் படித்தார். திருப்பதியிலிருந்து சித்தூர் வழியாய் வேலூருக்குப் போகிறவர் நம் குடிபாலாவைக் கடந்தே போக வேண்டும். அந்தப் பகுதியில் படித்த பிள்ளை 1936இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராகி, ஆங்கிலேயருக்கு ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தினார். வீட்டு மொழி அவருக்குத் தடையாகவில்லை.

சில வாரங்களுக்குப் பின் அந்த வீட்டுக்கு மறுபடியும் சென்றேன். மகள் சத்தமாய் வாசித்துக்கொண்டிருந்தாள்: “தி பாக்ஸ் ஆஃப் நீடில்ஸ் ஆர்...” தாய் துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “பெட்டியா, ஊசியா?” என்று கேட்டார்கள். மகள் ஒரு கணம் நின்றாள்; பின்பு சிரித்துக்கொண்டே ‘இஸ்’ என்று திருத்திக்கொண்டாள். அடுத்த தேர்வை எழுதிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் தமிழ் வீட்டில் பிறந்ததுதான் காரணம் என்று இப்பொழுது அவள் சொல்லுவதில்லை.

இம்மாதப் பயிற்சி. பிழை இருந்தால் திருத்துங்கள்:

1. தி குவாலிட்டி ஆஃப் தீஸ் மேங்கோஸ் ஆர் குட்.
2. மை மதர் ஹேஸ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்.
3. ஷி டிட் நாட் கேம் டு ஸ்கூல்.
4. ஹி ஸ்டடீஸ் இன் அன் யூனிவர்சிட்டி.
5. வீ டிஸ்கஸ்ட் தி மேட்டர் எஸ்டர்டே.

விடைகள்: 1. ‘ஆர்’ அன்று, ‘இஸ்’; நன்றாயிருப்பது தரம், அது ஒருமை. 2. ‘சின்ஸ்’ அன்று, ‘ஃபார்’, பத்து ஆண்டுகளாக. 3. ‘கேம்’ அன்று, ‘கம்’. 4. ‘அன்’ அன்று, ‘எ’. 5. பிழை இல்லை. இங்கே ‘அபௌட்’ சேர்த்திருந்தால்தான் பிழை.

உங்கள் பிள்ளைகளின் பிரயாசம் வீண்போகாதிருப்பதாக. அடுத்த இதழில் ‘தி’ எங்கே வரும், எங்கே வராது என்பதைப் பார்ப்போம்.